நூற்றுத் தொண்ணூறு கிராமுக்கு ஒரு பர்மிட்

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, வாசல் பலகையின்படி, கம்பெனியில் கடைசி விபத்து நடந்து தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு நாட்கள் ஆகியிருந்தன.

பலகையில் எண் தகடுகளைத் தினமும் காலை ஷிஃப்டுக்கு முன் செக்யூரிட்டி மாற்றுவார். ஒன்பது என்ற தகடு இரண்டுதான் இருந்தது. வியாழக்கிழமைக்கு மூன்று வேண்டும். ஆறைத் தலைகீழாக மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்டு அவர் பாதுகாப்புத் துறைக்கு எழுதியிருந்தார். பாதுகாப்புத் துறை பரிசீலித்து வந்தது.

கம்பெனி கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இருந்தது. பழைய இரும்பை உருக்கி, உருளைகளுக்கு நடுவே விட்டு, கட்டடக் கம்பியாக இழுத்தது. சோனியா அதன் லேபில் பயிற்சியாளர். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. ஒவ்வொரு உருக்கிலும் கார்பன் எவ்வளவு, கந்தகம் எவ்வளவு என்று பார்த்து எழுதுவது அவள் வேலை. சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வேலையை நிரந்தரம் செய்யும் கடிதம் வர வேண்டும். அதிகம் பேசமாட்டாள். லேபில் அது ஒரு தகுதியாகக் கருதப்பட்டது.

அவள் அப்பா பாக்கியராஜ் அதே கம்பெனியில் ஒன்பது வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. அவருக்கு இடது கையில் மூன்று விரல்கள் இருந்தன. மற்ற இரண்டும், கம்பெனி ஃபைலில் உள்ள கடிதத்தின்படி, பலகையின் எண்ணூற்று மூன்றாம் நாளன்று வீட்டில் தென்னை மட்டை வெட்டும்போது போயின. கவரைப்பேட்டையில் அவர்கள் குடியிருந்த வீட்டில் தென்னை மரம் இல்லை. அன்று அவர் காலை ஷிஃப்டில் இருந்தார். மறுநாள் பலகை எண்ணூற்று நான்கு காட்டியது.

இதைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை, ஈ.எஸ்.ஐ. அலுவலகத்தில் ஒரு குமாஸ்தாவைத் தவிர. ஆஸ்பத்திரிக் குறிப்பில் தீக்காயம் என்றும் ஒரு வார்த்தை இருப்பதை அவர் படித்துவிட்டார். தென்னை மட்டை எப்படிச் சுடும் என்று விளக்கம் கேட்டு இரண்டு தரப்புக்கும் கடிதம் அனுப்பினார். வேலையில் பட்ட காயம் என்று முடிவானால் பாக்கியராஜுக்கு ஆயுள் முழுக்க உதவித்தொகை. வீட்டில் பட்டது என்றால் ஒன்றும் கிடையாது. பலகையும் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டாம்.

இந்த நேரத்தில்தான் கேடயப் பேச்சு வந்தது. ஆயிரம் நாள் விபத்தில்லாமல் ஓடிய ஆலைக்குக் கேடயம் தரும் கழகம் ஒன்று சென்னையில் இருந்தது. ஆயிரமாவது நாளில் ஒரு தொழிலாளி ஆலைக்குள் நின்று பேச வேண்டும். நடுவர்கள் வீடியோ காலில் நேரடியாகப் பார்ப்பார்கள். வெட்டி ஒட்டிய வீடியோ செல்லாது. படம் ஆடக்கூடாது.

முதல் ஒத்திகையில் பாதுகாப்பு அதிகாரி துளசிராமன் போனைக் கையில் பிடித்தார். கம்பி இழுக்கும் மில் ஓடியது, தரை அதிர்ந்தது, படம் ஆடியது. சென்னையிலிருந்து பார்த்த எம்.டி.க்குத் தலை சுற்றியது. மூன்று கால் ஸ்டாண்ட் ஒன்று வாங்கச் சொன்னார்.

கம்பெனியில் கேமரா நன்றாக உள்ள போன் சோனியாவிடம் இருந்தது. கல்லூரியில் ப்யூரெட் குழாயை ஸ்டாண்டில் மாட்டிப் பழகியவள் என்பதும் அவளுடைய விண்ணப்பத்திலிருந்து தெரிந்தது. எனவே அவள் நியமிக்கப்பட்டாள். திங்கள் மதியம் ஸ்டாண்ட் வந்தது. கால்களை விரித்தாள், திருகுகளை இறுக்கினாள், போனைக் கவ்வியில் மாட்டினாள். நிமிர்ந்தபோது துளசிராமன் நின்றிருந்தார்.

"மாட்ட எவ்ளோ நேரம் ஆச்சு?"

"இருபது செகண்ட் சார்."

"அப்ப நீ ரிஸ்க் அசெஸ்மென்ட் பண்ணல."

"போன்தானே சார்."

"போன்தானேன்னு சொல்லித்தான்மா எல்லாம் ஆரம்பிக்குது. கழட்டு. பர்மிட் எடுத்துட்டு வந்து மாட்டு."

பர்மிட் என்பது ஆலைக்குள் ஆபத்தான எந்த வேலைக்கும் முன்னால் வாங்க வேண்டிய அனுமதிச் சீட்டு. நான்கு வண்ணங்களில் நான்கு பிரதிகள். சோனியா அதை அதுவரை கையில் வாங்கியதில்லை. அவள் அப்பாவும் ஒன்பது வருடத்தில் வாங்கியதில்லை.

முதலில் கேமராவின் மேல் இருந்த ஸ்டிக்கரை அகற்ற வேண்டும். தினமும் காலை வாசலில் ஒவ்வொரு போன் கேமராவின் மேலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், உள்ளே யாரும் எதையும் படம் எடுத்துவிடாமல் இருக்க. ஸ்டிக்கரை அகற்றும் விண்ணப்பத்தோடு ஒரு புகைப்படம் இணைக்க வேண்டும் என்று விதி இருந்தது. எந்த போனில் எடுப்பது என்று விதி சொல்லவில்லை. அன்று மாலை வரை அதிலேயே போனது. கடைசியில் செக்யூரிட்டி கண்ணை மூடிக்கொண்டார். சோனியா ஸ்டிக்கரைப் பிய்த்தாள்.

செவ்வாய்க்கிழமை துளசிராமன் டேப் கொண்டுவந்து அளந்தார். ஸ்டாண்டின் கவ்வி நூற்றெழுபது சென்டிமீட்டரில் இருந்தது. போனைப் படுக்கையாக மாட்டினால் அதன் உச்சி நூற்றெழுபத்தெட்டு. நெட்டுக்குத்தாக மாட்டினால் நூற்று எண்பத்தாறு. நூற்று எண்பதைத் தாண்டினால் அது உயரத்தில் செய்யும் வேலை.

"படுக்கையாவே மாட்டிடலாம் சார்" என்றாள் சோனியா.

"எம்.டி. போன நிமிர்த்திதான் பாப்பாரு. அவரைத் திருப்பச் சொல்லுவியா?"

"அப்ப ஸ்டாண்ட் காலக் கொஞ்சம் இறக்கிடலாமா சார்?"

துளசிராமன் டேப்பைச் சுருட்டினார். "கால இறக்கினா உபகரணத்தோட வடிவத்துல மாற்றம். அதுக்கு வேற கமிட்டி."

எனவே உயர வேலைக்கான விதிகள் போனுக்குப் பொருந்தின. உயரத்தில் இருப்பவர் இடுப்பிலும் தோளிலும் பெல்ட் கட்டி, அதன் கயிற்றைத் தூணில் மாட்ட வேண்டும். ஸ்டோரில் இருந்ததிலேயே சின்ன பெல்ட் ஐம்பது கிலோ ஆளுக்கானது. அதைப் போனைச் சுற்றி ஏழு சுற்று சுற்றியதும் லென்ஸும் திரையும் மட்டும் வெளியே தெரிந்தன.

அடுத்தது ஹெல்மெட். மேலே கிரேன் ஓடுகிறது, போனின் மேல் ஏதாவது விழுந்தால் என்ன செய்வது என்று துளசிராமன் கேட்டார். என்ன நிற ஹெல்மெட் என்பதில் பிரச்சினை எழுந்தது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு மஞ்சள், பயிற்சியாளருக்கு நீலம், அதிகாரிக்கு வெள்ளை. போன் பயிற்சியாளருடையது. ஆனால் எம்.டி. அதன் வழியாகப் பார்க்கப்போகிறார். வெள்ளை என்று முடிவானது.

பாக்கியராஜ் அந்த வழியாகத் தள்ளுவண்டியில் குப்பை கொண்டுபோனார். விரல்கள் போன பிறகு அவரை மில்லிலிருந்து பெருக்கும் வேலைக்கு மாற்றியிருந்தார்கள். ஹெல்மெட் போட்ட போனைப் பார்த்து வண்டியை நிறுத்தினார்.

"இன்னா பாப்பா, யாரு இது புது ஆபீசரா?"

"போன் நைனா."

"அப்டியா. வணக்கம் வச்சிட்டுப் போறேன். வம்பு எதுக்கு."

புதன்கிழமை எடை சோதனை. ஸ்டாண்ட் சுமக்கப்போகும் எடையைப் போல ஒன்றேகால் மடங்கை இருபத்துநான்கு மணி நேரம் தொங்கவிட்டு, சாயவில்லை என்று சான்றிதழ் வாங்க வேண்டும். சோனியா போனை லேப் தராசில் வைத்தாள். நூற்றுத் தொண்ணூறு கிராம். ஒன்றேகால் மடங்கு என்றால் இருநூற்று முப்பத்தேழரை. மெக்கானிக் எட்வர்ட் நட்டோடு ஒரு போல்ட் கொண்டுவந்தார். அது இருநூற்று நாற்பது இருந்தது. இரண்டரை கிராம் அதிகச் சுமை ஏற்றுவது விதிமீறல் என்றார் துளசிராமன். எட்வர்ட் பட்டறையில் உட்கார்ந்து அரத்தால் போல்ட்டை ராவத் தொடங்கினார். கொஞ்சம் ராவுவார், லேபுக்கு வந்து எடை பார்ப்பார், திரும்பிப் போவார். ஐந்து தடவை வந்தார்.

"கிரேன் கொக்கிய செக் பண்ணி ரெண்டு வருசம் ஆவுது பாப்பா" என்றார் ஐந்தாவது தடவை. "அது பத்து டன் தூக்குது. அத ஒருத்தனும் கேக்கல. இங்க நான் போல்ட்ட ராவிக்கினு கெடக்கறேன். பேஜாரு."

தராசு இருநூற்று முப்பத்தேழு புள்ளி ஐந்து காட்டியது. சோனியா அதை எழுதிக் கையெழுத்திட்டாள். ஆறு மாதத்தில் அவளுடைய கையெழுத்தைத் துளசிராமன் ஃபைலில் வைத்தது அதுவே முதல் தடவை.

இருபத்துநான்கு மணி நேரம் ஓடும்போதே கால்களைப் பற்றிய கூட்டம் நடந்தது. ஸ்டாண்டுக்கு மூன்று கால். ஏதாவது நடந்தால் எந்தக் கால் எந்தத் துறையைச் சேர்ந்தது என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். ஒன்று உற்பத்தி, ஒன்று பராமரிப்பு, ஒன்று பாதுகாப்பு என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் பெயர்ச் சீட்டு கட்டினார்கள். உற்பத்தித் துறை தன் காலை முழுதாக நீட்டியது. பராமரிப்புத் துறை பாதி நீட்டியது. பாதுகாப்புத் துறை தன் காலை நீட்டவே இல்லை, அதுதான் பாதுகாப்பு என்றது. ஸ்டாண்ட் சாய்ந்து நின்றது. சோனியா குனிந்து சரிசெய்யப் போனாள்.

"தொடாத" என்றார் துளசிராமன். "அது மூணு டிபார்ட்மென்ட் சொத்து."

எட்வர்டுக்குப் பொறுக்கவில்லை. "சார், நான் ஒண்ணு கேக்கறேன். இந்த போனு கீழ உழுந்து ஒடஞ்சா இன்னா பண்ணுவீங்க?"

"ரிப்போர்ட் எழுதணும். ஆலைக்குள்ள சொத்து சேதம். பலகைய பூஜ்யத்துல வைக்கணும்."

"அப்ப ஆளு கை ஒடஞ்சா மட்டும் பலகை ஆட மாட்டேங்குதே?"

துளசிராமன் கோபப்படவில்லை. தெரியாதவனுக்குச் சொல்லித்தரும் பொறுமையோடுதான் சொன்னார்.

"யோசிச்சுப் பாரு எட்வர்ட். ஆளுக்கு வீடு இருக்கு. வீட்ல அடிபட்டுதுன்னு சொல்லலாம். போனுக்கு வீடு எங்க இருக்கு?"

எட்வர்ட் சோனியாவைப் பார்த்தார். சோனியா ஸ்டாண்டைப் பார்த்தாள்.

வியாழக்கிழமை பலகையில் இரண்டு ஒன்பதும் தலைகீழான ஓர் ஆறும் தொங்கின. காலை பதினொரு மணிக்கு மனிதவள மேலாளர் தேசப்பன், பாக்கியராஜையும் சோனியாவையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். ஒன்பது வருடத்தில் பாக்கியராஜ் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நுனியில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு நீங்கதான் பேசறீங்க பாக்கியராஜ். கம்பெனியோட முகம் நீங்கதான்."

"நானா சார்? நல்லா பேசற ஆளுங்க எவ்ளோ பேரு கீறாங்க சார்."

"உங்களத்தான் எடுக்கணும். காரணம் இருக்கு." ஒரு தாளை நகர்த்தினார். "மூணே வரி. நான் பாக்கியராஜ். ஒன்பது ஆண்டுகளாக இங்கே பணிபுரிகிறேன். இந்த ஆலைக்குள் என் உடம்பில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. அவ்ளோதான். கேடயமும் வந்துடும், அந்த வீடியோவையே ஈ.எஸ்.ஐ.க்கும் பதிலா அனுப்பிடலாம். ஒரே கல்லு."

பாக்கியராஜ் தாளைத் தொடவில்லை.

"விபத்துன்னா என்ன?" என்றார் தேசப்பன். "அறிவியல் படிச்ச பொண்ணு பக்கத்துல இருக்கு, அதுக்கே புரியும். ரெஜிஸ்டர்ல எழுதினாத்தான் அது விபத்து. எழுதாத வரைக்கும் அது சம்பவம். சம்பவம் எல்லா குடும்பத்துலயும் நடக்கும். நாம ஒரு குடும்பம். நான் இங்க வந்ததுலேர்ந்து ஒரு விபத்துகூட எழுதினதில்ல. எவ்ளோ கஷ்டமான நேரத்துலயும் எழுதல. அது சும்மா வராது பாக்கியராஜ். அதுக்கு ஒரு மனவுறுதி வேணும்."

பிறகு சோனியா பக்கம் திரும்பினார். "உன் கன்ஃபர்மேஷன் லெட்டர் டைப் பண்ணி ரெடியா இருக்கும்மா. தேதி மட்டும் போடல. நாளைக்கு வீடியோ முடிஞ்சதும் போட்டுடலாம்."

நடுவர்களுக்கு இரண்டு கையும் தெரிய வேண்டும் என்பதால் தோல் கையுறை கொடுத்தார்கள். இடது கையுறையில் இரண்டு விரல்கள் தொங்கின. அவற்றுக்குள் பனியன் வேஸ்டைத் திணித்தார்கள், மெஷின் எண்ணெயைத் துடைக்கிற துணிதான். கையைத் தூக்கியதும் இரண்டும் வாடிய வெண்டைக்காய் போல மடிந்தன. எட்வர்டைக் கட்டுக்கம்பி கொண்டுவந்து உள்ளே விடச் சொன்னார்கள். அதன் பிறகு அவை மடங்கவே இல்லை. பாக்கியராஜ் கும்பிட்டுப் பார்த்தார். எட்டு விரல்கள் குவிந்தன. இரண்டு மட்டும் விறைத்துக்கொண்டு தனியாக நின்றன. துளசிராமன் சுற்றி வந்து பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஒழுக்கமான விரல்."

அன்று மாலை அப்பாவும் மகளும் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் லோக்கலுக்காக நின்றார்கள். ஷிஃப்ட் விட்ட கூட்டம். பாக்கியராஜ் இடது கையைப் பேன்ட் பையில் வைத்திருந்தார்.

"சொல்லிட்டுப் போறேன் பாப்பா. மூணு வரி. வாய்க்கு இன்னா வலிக்கவா போவுது."

சோனியா தண்டவாளத்தைப் பார்த்தாள்.

"ஏற்கெனவே எழுதிக் குடுத்தாச்சு. இப்ப வாயால சொல்லணும், அவ்ளோதான். உனுக்கு வேலை நின்னுதுன்னா போதும். எனுக்கு இந்தக் கையே பழகிப்போச்சு."

"ஈ.எஸ்.ஐ. பணம் வராது நைனா."

"அந்த டப்பு இல்லாமதான இத்தினி நாளு இருந்தோம்." ரயில் வரும் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "நீ ஒண்ணும் மனசுல வச்சிக்காத" என்றார்.

ரயில் வந்தது. அவர் வலது கையால் கம்பியைப் பிடித்து ஏறினார்.

வெள்ளிக்கிழமை பலகையில் மூன்று கொக்கிகள்தான் இருந்தன. ஆயிரத்துக்கு நான்கு எண்கள் வேண்டும். ஒன்று என்ற தகட்டைப் பக்கத்துக் கம்பத்தில் கயிறு போட்டுக் கட்டினார்கள்.

பத்தரை மணிக்கு மில் அருகே எல்லாம் தயாரானது. ஸ்டாண்டைச் சுற்றி எட்டடிக்கு எட்டடி சிவப்பு வெள்ளை டேப் கட்டினார்கள். போனில் லித்தியம் இருப்பதால் தீயணைப்பு உருளை ஒன்று, அதன் அருகே ஓர் ஆள். டேப்பில் பர்மிட்டின் நான்கு பிரதிகளும் தொங்கின. உள்ளே செல்ல அனுமதி பெற்றவர்கள் என்ற இடத்தில் சோனியா, பாக்கியராஜ் என்று இரண்டு பெயர்கள். துளசிராமன் அதன் கீழ் கோடு போட்டு மூடியிருந்தார், வேறு யாரும் பெயர் சேர்க்காதபடி. போன் வெள்ளை ஹெல்மெட்டும் பெல்ட்டும் அணிந்து தூணில் கட்டப்பட்டு நின்றது. சாயவில்லை. முந்தின நாள் சாயங்காலம் எல்லோரும் டீக்குப் போயிருந்தபோது எட்வர்ட் மூன்று கால்களையும் சமமாக்கிவிட்டிருந்தார்.

சத்தம் கேட்கக்கூடாது என்பதற்காக மில்லை நிறுத்தினார்கள். உருளைகள் மெதுவாகச் சுற்றி நின்றன. ஷிஃப்ட் நடுவே அந்த மில்லை நிறுத்திப் பாக்கியராஜ் பார்த்ததில்லை. உருளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சோனியா அழைப்பை ஏற்றாள். திரையில் மூன்று நடுவர்களும் நான்காவது கட்டத்தில் எம்.டி.யும் தெரிந்தார்கள்.

"படம் அருமையா நிக்குது" என்றது போன். "ஆடவே இல்ல. ஆரம்பிங்க."

பாக்கியராஜ் தரையில் சுண்ணாம்பால் போட்ட வட்டத்தில் போய் நின்றார். இரண்டு கையுறைகளையும் மார்புக்கு நேராக வைத்துக்கொண்டார்.

"நான் பாக்கியராஜ்" என்றார். "ஒன்பது ஆண்டுகளாக இங்கே பணிபுரிகிறேன்."

அடுத்த வரி வரவில்லை. வாய் திறந்திருந்தது. டேப்புக்கு வெளியே தேசப்பன் தாளைத் தூக்கிக் காட்டினார். பாக்கியராஜ் படித்தார், உதடுகள் அசைந்தன, குரல் வரவில்லை. மில் நின்றிருந்ததால் அந்த இடத்தில் வேறு சத்தமும் இல்லை.

"ஹலோ, சத்தம் கட்டாயிடுச்சா?" என்றது போன். "யாராவது ஏதாவது பேசுங்க, ஆடியோ வருதான்னு பாக்கணும்."

துளசிராமன் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். "சோனியா, நீ போய் நின்னு ஏதாவது பேசு. சீக்கிரம்."

சோனியா ஸ்டாண்டை விட்டு நகர்ந்தாள். போன் தானாக நின்றது. அவள் வட்டத்துக்குள் அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

"என் பேரு சோனியா. லேப்ல வேலை பண்றேன்."

"இப்ப நல்லா கேக்குது" என்றது போன். "இன்னும் கொஞ்சம் பேசும்மா."

"இவரு எங்க நைனா. மார்ச் பதினொண்ணு காலைல இதோ இந்த உருளையில கம்பி மாட்டிக்கிச்சு. நிறுத்தினா உற்பத்தி போயிடும்னு, ஓடிக்கினு இருக்கும்போதே இவர எடுக்கச் சொன்னாங்க. கம்பி சூடா இருந்துச்சு. ரெண்டு விரல் இங்கதான் போச்சு."

அவள் அப்பாவின் இடது கையுறையைப் பிடித்து உருவினாள். கட்டுக்கம்பி கீறியதில் அவருக்கு லேசாக ரத்தம் வந்தது.

"வேணாம் பாப்பா" என்றார் பாக்கியராஜ்.

திரையின் நான்காவது கட்டம் இருண்டது. நடுவர்களின் மூன்று கட்டங்களும் இருந்தன. தேசப்பன் டேப்பைத் தூக்கி உள்ளே குனிந்தார். துளசிராமன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். துளசிராமனின் முகத்தில் உண்மையான பயம் இருந்தது.

"சார், உங்க பேரு பர்மிட்ல இல்ல."

"யோவ், போன ஆஃப் பண்ணுய்யா."

"மேல இருக்கு சார். உயர வேலை. அந்தப் பொண்ணுதான் தொடணும்."

"நீங்க சொல்றதுக்கு எழுத்துல ஏதாவது இருக்காம்மா?" என்றது போன். நடுவர்களில் வயதானவர். குரல் மாறியிருந்தது.

"இருக்குது சார். வீட்ல தென்னை மட்டை வெட்டும்போது அடிபட்டுச்சுன்னு ஒரு லெட்டர் இருக்குது."

"அது உங்க அப்பா எழுதிக் கொடுத்ததுதானே?"

சோனியா லென்ஸைப் பார்த்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் பேச அது வசதியாக இருந்தது.

"இல்ல சார். அவரு அப்ப ஆபரேஷன் முடிஞ்சி மயக்கத்துல இருந்தாரு. எழுதிக் குடுத்தா எனக்கு லேப்ல வேலைன்னு ஆஸ்பத்திரி வராண்டாவுல வச்சி சொன்னாங்க. எழுதினது நான்தான். அவரு கட்டைவிரல்ல மை தடவி அதுல அழுத்தினதும் நான்தான்."